துரோகம், நான்காம் காலாண்டு

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: மன்றச் செயலாளர், இலக்கு அலுவலர், கண்களை மூடியபடி பொருளாளர், லிஃப்ட் மெக்கானிக், மருந்துக்கடைச் சீருடையில் மெக்கானிக் மனைவியின் தங்கை. மேசைமேல் சான்றுப் பொருளாக இருபது முகமுள்ள பகடை ஒன்று. வராதவர்: டிராகன். வராததற்குக் காரணம் தெரிவிக்கப்படவில்லை.

அந்தக் கடைசி வரியைக் குறிப்பில் ஏற்றச் சொன்னவர் இலக்கு அலுவலர். மன்றத்துக்குப் புதிதாக வந்தவர். பேசும்போது பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார்.

"உங்க ஆட்டத்துல முக்கியமான ஆள் யாருன்னு கேட்டேன். டிராகன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்ப அவருக்கும் தகவல் போயிருக்கணும்ல?"

"அது கதையில வர்றது மேடம்."

"வர்றதுங்கறீங்க. வரலையே."

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டார். பாதி மாடியில் நின்றுபோகும் லிஃப்டுகளோடு காலம் தள்ளியவர் அவர். விநோதமான சத்தம் கேட்டால் உடனே கை வைக்கக் கூடாது, சற்று நின்று கேட்க வேண்டும் என்பது அவர் தொழில் பாடம். நின்று கேட்டார். சத்தம் அடங்குகிற மாதிரி தெரியவில்லை.

மன்றம் என்பது பொழுதுபோக்கு மன்றம். வேலை முடிந்து வருகிறவர்கள் கேரம் ஆடவும் சதுரங்கம் ஆடவும் புத்தகம் படிக்கவும் ஒரு மூன்று மாடிக் கட்டடம். மேல்மாடியின் கோடியில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்து அறை யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. மோட்டார் உறுமினால் சுவரில் மாட்டிய படம் நடுங்கும். அந்த உறுமலைக் கேட்டே மோட்டாருக்கு என்ன நோய் என்று சொல்லிவிடக்கூடியவர் மெக்கானிக் என்பதால் அறை அவருக்கு வந்து சேர்ந்தது. மூன்று வருடமாக ஞாயிறு மதியங்களில் அங்கே ஓர் ஆட்டம் நடக்கிறது.

ஆட்டம் இப்படி. ஒருவர் கதையை நடத்துவார். அது மெக்கானிக். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, அந்தப் பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். தண்ணீரில் மூழ்கிய ஒரு கோட்டை, அதன் அடியில் ஒரு பெட்டக அறை, அறைக்குள் டிராகன் காவலில் ஒரு மணிமுடி. அதை எடுக்க மூன்று பேர் கிளம்பியிருந்தார்கள். ஒருவர் மெக்கானிக்கின் பெரியப்பா மகன். லாரி ஓட்டுகிறவர், எல்லோருக்கும் 'லாரி அண்ணன்'. லாரிக் கதவில் பக்கவாட்டில்தான் ஏற முடியும். கதையில் அவர் சன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழையும் திருடி. இன்னொருவர் செயற்கைப் பல் செய்கிறவர், எல்லோருக்கும் அவர் 'பல்செட்டு'. எதிரே நாய் வந்தால் வேறு தெருவில் போகிறவர். கதையில் கோடரி வீரன். மூன்றாவது, மெக்கானிக்கின் கொழுந்தியாள். கதையில் அவள் மருத்துவச்சி. அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுவாள். அதிகம் பேச மாட்டாள்.

அந்த மருத்துவச்சிதான் துரோகி.

இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஆட்டம் தொடங்கிய வருடம், மாடிப்படி இறங்கும்போது அவளே கேட்டாள்.

"அத்தான், கடைசில நான் எல்லாரையும் ஏமாத்தலாமா?"

"எப்போ?"

"தெரியல. நேரம் வர்றப்ப."

"சரி."

"அக்காகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லல."

அவள் வீட்டில் ரகசியம் என்ற சாமான் புழக்கத்தில் இல்லை. அவளுக்குச் சம்பளம் வந்த குறுஞ்செய்தியை அவள் அம்மாதான் முதலில் படிப்பாள். அவள் அலமாரிக்குப் பூட்டு உண்டு, சாவி அக்காவிடம். தலைவலி என்று படுத்தால் இரண்டு வீட்டில் காரணம் அலசப்படும். முப்பது வயது தாண்டியும் அவளுக்கென்று சொந்தமாக இருந்தது இந்தத் துரோகம் ஒன்றுதான். அதைக் காவல் காக்கும் வேலை மெக்கானிக்குக்கு வந்தது. யாரையும் நம்பாத ஆள் என்பதால் வேலை அவருக்குப் பொருந்தியும் இருந்தது.

பிறகுதான் மன்றத்துக்கு ஆண்டு இலக்கு வந்தது. இலக்கு எழுதிக் கொடுக்காத பிரிவுக்கு அறை கிடையாது. சதுரங்கப் பிரிவு, வரும் ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் இரண்டு தரப்பும் வெல்லும் என்று உறுதி கொடுத்தது. நூலகப் பிரிவு அத்தனை நாவல்களின் கடைசிப் பக்கத்தையும் முதல் மாதமே படித்து முடிப்பதாக எழுதிக் கொடுத்து முன்னணியில் நின்றது. தியானப் பிரிவுக்கு மட்டும் வேகம் போதவில்லை என்று எச்சரிக்கை போனது. மிச்சமிருந்தது மெக்கானிக்கின் மேசை.

இலக்கு அலுவலர் பகடையை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இதோட சராசரி என்ன?"

"பத்தரை மேடம்."

"போன வருஷம்?"

"போன வருஷமும் பத்தரைதான்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

மெக்கானிக் தயங்கினார். "பத்தரை."

அலுவலர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் கண்களைத் திறக்காமலே வருத்தத்துடன் தலையசைத்தார்.

"ஒரு முன்னேற்றமும் இல்ல. இதை யாருமே கேக்கலையா?"

"பகடை மேடம். அதை நாம ஒண்ணும்..."

"முடியாதுங்கறதை ஒரு காரணமா சொல்லாதீங்க. அடுத்த வருஷம் பன்னிரண்டு. எழுதிக்குங்க. சரி, வருஷக் கடைசில உங்க கதையில என்ன நடக்கும்?"

"அது தெரியாது மேடம். தெரியாததாலதான் ஆடறோம்."

அலுவலர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். நீளமாகப் பேசப்போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

"தெரியாத ஒண்ணுக்காக மன்றம் அறை ஒதுக்க முடியாது. நான் எதிர்பாராத விஷயங்களுக்கு எதிரி இல்ல. தாராளமா வரட்டும். ஒரு மாசம் முன்னாடி எழுத்துல தெரிவிச்சுட்டு வரட்டும். முன்னாடி நான் இருந்த ஆபீஸ்ல தீ விபத்துக்கு வருஷத்துக்கு ரெண்டுன்னு இலக்கு வெச்சேன். டிசம்பர் வரைக்கும் ஒண்ணுதான் நடந்திருந்துச்சு. யாரும் மனசு தளரல. கடைசி வாரத்துல எல்லாருமா சேர்ந்து முடிச்சுக் குடுத்தாங்க. குழுன்னா அது."

மெக்கானிக்கின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கடைசில ஒருத்தர் துரோகம் செய்வாங்க மேடம்."

தவளை தன் வாயால் கெட்டது. பக்கத்தில் கொழுந்தியாள் அசையவில்லை. சீருடையின் கைமடிப்பை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

"நல்ல இலக்கு," என்றார் அலுவலர். "அளந்து பாக்கலாம். யாரு?"

"அது வந்து..."

"பொறுப்பாளர் பேர் வேணும். கதையில வர்ற ஆள் செல்லாது. மன்ற உறுப்பினரா இருக்கணும். பேரை அறிவிப்புப் பலகையில ஒட்டிடுவோம். அப்பத்தான் அவருக்கும் ஒரு பொறுப்புணர்ச்சி வரும்."

"பேரை முன்னாடியே ஒட்டிட்டா அது எப்படி மேடம் துரோகம்?"

"வெளிப்படையான துரோகம். இங்க எல்லாமே வெளிப்படைதான்."

சொன்னால் அவள் சொத்து போயிற்று. சொல்லாவிட்டால் அறை போயிற்று. மெக்கானிக் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது ஏதாவது சொல்லிவிடாதா என்பது போல. அப்போது, வந்ததிலிருந்து வாயே திறக்காத கொழுந்தியாள் சொன்னாள்:

"நம்ம செயலாளர் சாரே இருக்கட்டுமே. அவரைவிடப் பொறுப்பான ஆள் யாரு?"

செயலாளர் மன்றத்தில் ஏற்கெனவே பதினோரு பொறுப்புகள் வகித்தார். கொடுத்த எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அது என்ன பொறுப்பு என்று கேட்டதும் இல்லை. அவர் எழுந்து நின்று சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உறுப்பினர்களோட விருப்பம் அதுதான்னா, துரோகத்தையும் நானே ஏத்துக்கறேன்."

பொருளாளர் கண்விழித்துக் கைதட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

மாடிப்படியில் மெக்கானிக் கொழுந்தியாளைப் பிடித்தார். "என்ன பண்ணிட்ட?"

"மறைச்சேன் அத்தான்."

"யார்கிட்டருந்து?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இந்த மாத்திரை இல்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற முகம் அது. உள்ளே இருக்கிறதா இல்லையா என்று அதிலிருந்து ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. முதன்முறையாக அவருக்கு அவள்மீதே ஒரு சந்தேகம் வந்தது.

*

செயலாளர் கோப்போடு மேசைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வாயில்காப்போன் பாத்திரம் கொடுத்தார்கள். பெட்டக அறையின் சாவி வாயில்காப்போனிடம்தான் இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னதும், இடுப்பில் தொங்கிய மன்றச் சாவிக்கொத்தை அவிழ்த்து மேசை நடுவில் வைத்தார். "இதையே அந்தச் சாவின்னு வெச்சுக்கலாம்." அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சாவிக்கொத்து அங்கேதான் இருக்கும்.

"சொல்லுங்க சார், என்ன செய்றீங்க?" என்று மெக்கானிக் கேட்டார். யார் முறை வந்தாலும் அவர் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான்.

செயலாளர் கோப்பைப் பிரித்தார். "முதல் காலாண்டுல கால்வாசி துரோகம்னு போட்டிருக்கு. கால்வாசின்னா எவ்வளவு?"

"பின்னால நின்னு முறைங்க சார்," என்றார் லாரி அண்ணன். "அது கால்வாசிக்கு வரும்."

செயலாளர் முறைத்தார். பகடையை உருட்டினார். மூன்று விழுந்தது. முறைத்ததை யாரும் கவனிக்கவில்லை என்று மெக்கானிக் தீர்ப்புச் சொன்னார்.

"நல்லாத்தானே முறைச்சேன்," என்றார் செயலாளர், நிஜமாகவே மனம் நொந்து.

பகடையும் தேறவில்லை. காலாண்டு முடிவில் அதன் சராசரி பத்தைத் தாண்டாததால், வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்தார்கள். அவர் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். "இந்தப் பகடைக்கு இருபது முகம் இருக்கு. அதுல எந்த முகத்தைப் பாக்கணும்னு நீங்க ஆசைப்படறீங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இருபது என்றார் பல்செட்டு. "பாத்தீங்களா, பாதி வேலை முடிஞ்சிருச்சு," என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் சான்றிதழ் கொடுத்தார். பகடைக்கும் ஒன்று கொடுத்தார். அது அதற்குப் பிறகும் இரண்டுதான் விழுந்தது.

கடைசியில் அலுவலரே ஒரு வழி கண்டார். ஒன்று, இரண்டு, மூன்று எண்கள் உள்ள முகங்களில் பச்சைப் புள்ளி ஒட்டப்பட்டது. பச்சை விழுந்தால் தோல்வி என்று சொல்லக் கூடாது. 'மீண்டும் ஒரு வாய்ப்பு' என்று சொல்ல வேண்டும். கணக்கில் சேர்க்கவும் கூடாது. சராசரி பன்னிரண்டைத் தொட்டது. லாரி அண்ணன் மட்டும் அதன்பிறகு பகடையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்காமல் உருட்டுவதில்லை. "இதை நம்பி ஒரு பாலத்துமேல கூட ஏற முடியாதுடா தம்பி," என்பார்.

*

இரண்டாம் காலாண்டில் மெக்கானிக்குக்குப் பொறி தட்டியது. ஞாயிறு மேசையில் பேசியது திங்களன்று அலுவலருக்குத் தெரிந்திருந்தது. லிஃப்டுக்கு எண்ணெய் விட வந்த மெக்கானிக்கை அவர் வராந்தாவில் நிறுத்திக் கேட்டார்: "நேத்து மருத்துவச்சி வீரனுக்குக் கட்டுப் போடறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாளாமே?"

மெக்கானிக் எண்ணெய்க் குப்பியை மூடினார். "காயம் பெரிசு மேடம்."

"இருக்கட்டும். நான் கேக்கறது வேற. பலகையில போட்ட ஆளைத் தவிர வேற யாரும் துரோகம் பண்ற உத்தேசத்துல இல்லையே? அனுமதி இல்லாத துரோகம் நடந்தா பிரிவைக் கலைச்சுருவோம். அறைய அன்னைக்கே பூட்டிருவோம். சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து மெக்கானிக் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களை, அறுந்துவிடுமோ என்று தோன்றும் கம்பிவடங்களைப் பார்ப்பது போலப் பார்க்கத் தொடங்கினார். லாரி அண்ணன் போனைக் குப்புற வைக்கிறார், ஏன்? பல்செட்டு அடிக்கடி கைகழுவப் போகிறார், கையில் என்ன? சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்தார். ஒரு பல்லி ஓடியது. அதையும் சற்று நேரம் சந்தேகமாகப் பார்த்தார்.

கடைசியில் லாரிப் படிக்கட்டில் அண்ணனை மடக்கினார்.

"அண்ணே, நீங்க ஆபீசுக்கு ஏதாவது எழுதிக் குடுக்கறீங்களா?"

"நீ குடுக்கறியா?"

"நான் எதுக்குக் குடுக்கறேன்?"

"அப்ப நான் மட்டும் குடுப்பேனா?" லாரி அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "வாரத்துக்கு ஒரு பக்கம். அதுக்கு மேல ஒரு வரி கூடக் கிடையாது."

"ஏண்ணே?"

"எல்லாரும் குடுத்துட்டாங்க, நீங்கதான் பாக்கின்னு அந்தம்மா சொல்றாங்கடா. நான் மட்டும் குடுக்கலன்னா என்மேல சந்தேகம் வருமா வராதா?"

பல்செட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். வாரத்துக்கு இரண்டு பக்கம், படத்தோடு. லாரி அண்ணன் பல்செட்டைத் துரோகி என்று எழுதியிருந்தார். பல்செட்டு லாரி அண்ணனை எழுதியிருந்தார். இருவர் சொன்ன காரணமும் ஒன்றே: ரொம்ப நல்லவன் மாதிரி நடிக்கிறான். செயலாளர் தன்னைப் பற்றியே எழுதிக் கொடுத்திருந்தார். "கண்காணிக்கப்பட வேண்டியவர். ஆனால் உழைப்பாளி."

கொழுந்தியாளிடம் கேட்டபோது, "எனக்கும் தாள் வந்துச்சு அத்தான்," என்றாள். "வாராவாரம் ஒரே வார்த்தைதான் எழுதறேன். 'கவனித்தேன்'னு."

வீட்டில் வேறு விசாரணை நடந்தது. மெக்கானிக்கின் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வந்தா இவ முகத்துல ஒரு களை வருது. என்னடின்னா, ஒண்ணுமில்லங்கறா. ஒண்ணுமில்லாததுக்கு ஒரு மனுஷி தனியா சிரிப்பாளா? அம்மாவும் கேட்டுப் பாத்துட்டாங்க. உங்களுக்குத் தெரியும்."

"எனக்கென்ன தெரியும்?"

"பொய் சொல்றப்பெல்லாம் தண்ணி குடிப்பீங்க."

மெக்கானிக் தூக்கிய தம்ளரைக் கீழே வைத்தார். வாயிலிருந்த சோற்றை அப்படியே விழுங்கினார்.

மூன்றாம் காலாண்டில் செயலாளருக்கு 'வளரும் துரோகி' விருது கிடைத்தது. அந்தக் காலாண்டில் அவர் செய்த மொத்தத் துரோகம், ஒரு ரொட்டித் துண்டை மறைத்து வைத்ததுதான். அதையும் அடுத்த முறையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஆள் மாறியிருந்தார். கோப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். வாயில்காப்போனுக்கென்று ஒரு பழைய தொப்பி வாங்கி வந்தார். இருட்டுச் சுரங்கத்தில் மூவரும் அவரை முன்னால் போகச் சொன்னபோது, "என்னையா? என்னை நம்பியா?" என்று கேட்டார். அவர் குரல் கொஞ்சம் பிசிறியது.

ஆண்டு முடிவு நெருங்கியதும் மெக்கானிக் கொழுந்தியாளைத் தனியாகப் பார்த்தார். மருந்துக்கடைக் கவுண்டரில் வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீ அதைப் பண்ணா அறை போயிரும். இந்த ஒரு வருஷம் விட்டுரு. அடுத்த வருஷம் பண்ணிக்கலாம்."

அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டாள். "அடுத்த வருஷத்துக்கு இலக்கா வெச்சுக்கணுமா அத்தான்?"

எதற்கும் இருக்கட்டும் என்று அவர் தலைவலி மாத்திரை இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

*

கடைசி ஞாயிறு மதியம், மேல்மாடி அறையில் கூடுதல் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கீழே அறிவிப்புப் பலகையில், 'இன்று: துரோகம். பொறுப்பு: செயலாளர். அனைவரும் வருக' என்று ஒட்டியிருந்தது. இலக்கு அலுவலர் கதவோரம் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார். பொருளாளர் சுவரில் சாய்ந்து கண்களை மூடினார். மோட்டார் உறுமியது, படம் நடுங்கியது.

கதையில் நால்வரும் பெட்டக அறைக்குள் வந்துவிட்டார்கள். டிராகன் அன்றும் வரவில்லை, மணிமுடி கிடைத்துவிட்டது. அதை மருத்துவச்சியின் பைக்குள் போட்டு வைத்தார்கள், பத்திரமான ஆள் என்பதால்.

"சொல்லுங்க சார், என்ன செய்றீங்க?"

எல்லோரும் செயலாளரையே பார்த்தார்கள். லாரி அண்ணன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். செயலாளர் தொப்பியைச் சரிசெய்து, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார். அலுவலர் எழுதிக் கொடுத்த துரோக உரை அது.

"பெரியோர்களே, உறுப்பினர்களே. இந்த மன்றத்துல பதினோரு பொறுப்பு வகிச்சிருக்கேன். எதுலயும் நான் யாரையும் ஏமாத்தினது கிடையாது." காகிதத்திலிருந்து நிமிர்ந்தார். "ஏன்னா, எதுலயும் நான் ஒண்ணும் செஞ்சதே கிடையாது. என் பொறுப்புல இருக்கற குடிநீர்க் குழு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. கூட்டத்துல பேசுவேன், கைதட்டுவாங்க, கீழ இறங்கிப் போயிருவேன். இத்தனை வருஷத்துல என்னை ஒருத்தரும் 'நீங்க என்ன செய்றீங்க'ன்னு கேட்டதில்ல. இந்த மேசையிலதான் வாராவாரம் கேக்கறாங்க."

"சார், உரையில இல்லாததைப் பேசாதீங்க," என்றார் அலுவலர். "துரோகத்தைப் பண்ணுங்க. நேரமாகுது."

செயலாளர் காகிதத்தை மடித்தார். "இவங்க என்னை நம்பி சுரங்கத்துல முன்னால விட்டாங்க மேடம். நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். எல்லாரும் பத்திரமா வெளிய போகட்டும். அதுதான் நான் செய்றது."

அலுவலரின் பேனா ஓடியது: இலக்கு எய்தப்படவில்லை. பல்செட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த முறை கொழுந்தியாளுடையது. மெக்கானிக் அவளைப் பார்க்காமல் கேட்டார், கேட்காமல் இருக்க முடியாது என்பதால்.

"சொல்லும்மா. என்ன செய்ற?"

அவள் எழுந்து நின்றாள்.

"நாலு வருஷமா உங்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கேன். லாரி அண்ணே, உங்க திருடிக்குத் தோள்ல. உங்க வீரனுக்குக் கால்ல, கையில, நெத்தியில. செயலாளர் சாருக்குப் போன மாசம் முழங்கால்ல. ஒவ்வொரு கட்டுலயும் கொஞ்சூண்டு மயக்க மருந்து தடவியிருந்தேன். ஒரு தடவைக்குப் பத்தாது. சேர்ந்தா பத்தும். இந்த அறைக்குள்ள காத்து கம்மி. இப்ப உங்க யாராலயும் எழுந்திரிக்க முடியாது. முடி என் பையில இருக்கு. சாவியை எடுத்துக்கறேன். வெளிய போறேன். கதவைச் சாத்திப் பூட்டிடறேன்."

அவள் குரல் உயரவே இல்லை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று மாத்திரைக்குச் சொல்கிற அதே குரல்.

பல்செட்டு தன் முழங்கையை மெல்லத் தொட்டுப் பார்த்தார். லாரி அண்ணனின் வாய் திறந்தபடி இருந்தது. "அடிப்பாவி," என்றார் கடைசியில், கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர் மாதிரி. "நான் உன்னை ஒரு வரி கூட எழுதலையே."

"எனக்கு முழங்கால்ல அடியே படல," என்றார் செயலாளர், கண்கள் மின்ன. "சிராய்ப்புதான். நீதாம்மா கட்டுப் போடணும்னு சொன்ன."

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்த்தார். அக்காவும் அம்மாவும் மாதக்கணக்காகக் குடைந்து எடுக்க முடியாதது இப்போது அதில் வெளிச்சமாக நின்றது. அவருக்கு அறையைப் பற்றிய கவலை வரவில்லை. வராததை நினைத்து அவருக்கே சந்தேகமாக இருந்தது.

அலுவலர் எழுந்துவிட்டார். "இது யார் அனுமதி குடுத்தது? பொறுப்பு செயலாளருக்கு. அவர் செய்யல. பொறுப்பே இல்லாத ஒருத்தர் செஞ்சிருக்காங்க. இப்ப நான் இதை எந்தப் பத்தியில எழுதறது? இலக்கு நிறைவேறலை, ஆனா நடந்திருக்கு. இப்படி ஆளாளுக்கு அவங்களா செஞ்சுக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு? பிரிவு கலைக்கப்படுது. அறைய இப்பவே பூட்டணும். செயலாளர் சார், சாவியை எடுங்க."

செயலாளர் சாவிக்கொத்தைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சரிந்துகொண்டார்.

"நான் மயக்கத்துல இருக்கேன் மேடம்."

லாரி அண்ணனும் தலையை மேசைமேல் சாய்த்துக்கொண்டார். பல்செட்டு ஏற்கெனவே சாய்ந்திருந்தார். பொருளாளருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யாராவது இந்த அறையைப் பூட்டுங்கன்னு சொல்றேன்," என்றார் அலுவலர்.

"நான் பூட்டறேன் மேடம்," என்றாள் கொழுந்தியாள்.

மேசை நடுவிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினாள். மெக்கானிக்குக்கு ஒரு வருடத்துக்கு முந்தைய கூட்டம் ஞாபகத்துக்கு வந்தது. அத்தனை உறுப்பினர்கள் இருக்க, எதற்குச் செயலாளர் பேரைச் சொன்னாள்? அன்றைக்கும் அவர் இடுப்பில் இந்தக் கொத்துதான் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டால் ஒண்ணுமில்லை அத்தான் என்பாள்.

அவள் வாசலைத் தாண்டிக் கதவுப்பிடியைப் பிடித்தாள்.

"ஏம்மா," என்றார் அலுவலர். "நாங்கல்லாம் உள்ள இருக்கோமே."

கதவு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் மெக்கானிக் கேட்டுவிட்டார்:

"சொல்லுங்க மேடம். என்ன செய்றீங்க?"

அலுவலர் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு மேசைமேலிருந்த பகடையைப் பார்த்தார். பேனா மூடியை மாட்டப் போன கை பாதியில் நின்றது.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே சாவி ஒருமுறை சுற்றியது. பூட்டு சரியாக விழுந்ததா என்று சந்தேகப்பட்டது போல, இன்னொரு முறையும் சுற்றியது.